மழைக்காலப் புதினாவில் ஆரஞ்சுப் புள்ளிகள்

கேள்வி, சாட்ஸ்வொர்த், டர்பன்:
வணக்கம். வீட்டின் பின்புறத்தில் தொட்டியில் புதினா வளர்க்கிறேன். டிசம்பர் மழையும் புழுக்கமும் தொடங்கியபின் இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்து, கீழிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மருந்து தெளிக்காமல் செடியைக் காப்பாற்ற இயலுமா?

மறுமொழி, ஃபீனிக்ஸ்:
ஐயா, இது பக்சினியா மெந்தே என்னும் பூஞ்சையால் வரும் துரு நோய். தண்டுகள் அனைத்தையும் மண்மட்டத்தில் வெட்டி, எருக்குழியில் போடாமல் குப்பையில் சேர்த்துவிடுங்கள்; ஏனெனில் பூஞ்சை பழைய தண்டுகளில் தங்கி, புதுத் தளிர்களைப் பற்றிக்கொள்ளும். பதியனுக்கு எடுக்கும் வேர்த்தண்டுகளை மண் போகக் கழுவி, 44 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவிட்டு, புது மண்ணில் நடுவது நல்ல பலன் தரும். வெப்பம் கூடினால் வேர் வெந்துவிடும் என்பதால் வெப்பமானி கட்டாயம் தேவை. இனிமேல் காலையில், இலை நனையாமல், அடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

மறுமொழி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: புதினாவைத் தரையில் நட்டால் ஓடுதண்டுகள் பாத்தி முழுவதும் பரவிவிடும், தொட்டியே நல்லது. புதுத் தளிர்களைப் பூ வருமுன் காலையில் கிள்ளினால், அந்த மணத்துக்குக் காரணமான கார்வோன் எண்ணெய் நிறைந்திருக்கும். பிரியாணிக்கு அடுக்கும்போது தழையாகவே தூவுங்கள். துவையலுக்கு எண்ணெயில் இலை சுருங்கும் அளவுக்கு வதக்கினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக் காலையே வெட்டிவிடுகிறேன்.