இரண்டாவது விசிஓவைச் செருகினால் இரண்டுமே சுருதி இறங்குகிறது, உதவி தேவை

கேள்வி
வீட்டிலேயே யூரோராக் அளவில் மாடுலர் சிந்த் (தனித்தனிப் பகுதிகளைக் கேபிளால் இணைக்கும் சிந்தசைசர்) கட்டிக்கொண்டிருக்கிறேன். ±12 வோல்ட் பவர், தலா ஒரு ஏஎஸ்3340 சிப்பில் இரண்டு விசிஓ (வோல்டேஜுக்கு ஏற்பச் சுருதி மாறும் ஆசிலேட்டர்). சிவி (எந்தச் சுருதி என்று சொல்லும் வோல்டேஜ்) தருவது ஆர்டுயினோவும், எண்ணை வோல்டேஜாக மாற்றும் எம்சிபி4822 டிஏசியும். அப்புறம் டிஎல்072 ஆப்-ஆம்ப் சிப்பில் பஃபர் (வோல்டேஜை அப்படியே கடத்தும் சுற்று), 1கே (1000 ஓம்) ரெசிஸ்டர், ஜாக். ஒரே சிவியைப் பல இடத்துக்குப் பிரிக்கும் மல்டிபிள் என்பது நான்கு ஜாக்கை ஒயரால் இணைத்தது, அவ்வளவுதான்.

தனியாகச் செருகி விசிஓவின் டிரிம்மரை (நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறு திருகு) திருகினால் ஒவ்வொரு விசிஓவும் நான்கு ஆக்டேவும் டியூனரில் கச்சிதமாக நிற்கிறது. இரண்டையும் சேர்த்துச் செருகினால் கீழ் ஸ்வரம் சரி, மேலே போகப் போக இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. உச்சியில் கிட்டத்தட்ட அரை செமிடோன். ஹார்மோனியத்தோடு வாசிக்கவே முடியவில்லை.

பதில்
சூடாக இருக்கும். இருபது நிமிடம் ஓடவிட்டு டியூன் செய்து பாருங்கள். பவர் சப்ளை ஐசி விசிஓவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா?

கேட்டவர்
தள்ளித்தான் இருக்கிறது அண்ணா. ஒரு கேபிளைப் பிடுங்கிய நொடியே மற்றது சரியாகிவிடுகிறது.

பதில்
அப்படியென்றால் சூடு இல்லை. சூட்டில் சுருதி மெல்ல நகரும், கேபிளைப் பிடுங்கியதும் திரும்பாது. 3340க்குள் வெப்ப ஈடுகட்டலும் இருக்கிறது.

உங்கள் சிக்கல் அந்த 1கே. விசிஓவின் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் 100கே. ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்பது கணக்கு. ஒன்று மட்டும் இருந்தால் 1 வோல்ட்டில் 0.99தான் போய்ச் சேரும். அந்தக் குறையையும் சேர்த்துத்தான் டிரிம்மரைத் திருகியிருக்கிறீர்கள். இரண்டாவதைச் செருகினால் சுமை 50கே, கிடைப்பது 0.98. ஆக்டேவுக்கு 12 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்) போச்சு. நான்கு ஆக்டேவில் 47 சென்ட், நீங்கள் சொன்ன அரை செமிடோன் அதுதான். கீழ் ஸ்வரத்தில் சிவி பூஜ்யம் என்பதால் அங்கே தெரியாது.

உச்ச ஸ்வரத்தை அழுத்திக்கொண்டு மல்டிபிளில் மல்டிமீட்டர் வையுங்கள். 3.96 இருந்தது 3.92 ஆகும்.

மல்டிபிளைப் பஃபர் போட்டதாக மாற்றுங்கள். ஒரு டிஎல்072 போதும், அதில் இரண்டு ஆப்-ஆம்ப். ஒவ்வொன்றும் ஒரு விசிஓவுக்கு, வெளியீட்டில் தனித்தனி 1கே. அப்போது ஒவ்வொரு விசிஓவும் பழைய 1கே வழியாகவே சிவி வாங்கும், டிரிம்மரைத் தொடவே வேண்டாம். ரெசிஸ்டர் 1 சதவீத மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். 1கேயை எடுத்துவிட்டு நேராக இணைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பேட்ச் கேபிள் தவறான ஜாக்கில் போகும் நாளில் ஆப்-ஆம்பைக் காப்பது அதுதான்.

இன்னொருவர்
1கேயை ஃபீட்பேக் வளையத்துக்குள் கொண்டுவந்தாலும் போதும். மைனஸ் உள்ளீட்டுக்குப் போகும் இணைப்பை ஜாக் பக்கத்திலிருந்து 10கே வழியாக எடுங்கள். ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் மைனஸ் உள்ளீட்டுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் வையுங்கள், இல்லாவிட்டால் நீளமான கேபிளில் ஆசிலேட் ஆகலாம். ஆனால் பிறகு டிரிம்மரை மறுபடி திருக வேண்டும்.

கேட்டவர்
மீட்டரில் 3.96, 3.92 அப்படியே வந்தது! டிஎல்072 கையிருப்பில் இருந்ததால் பிரெட்போர்டில் பஃபர் போட்டேன். இரண்டு விசிஓவும் உச்சி வரை நிற்கின்றன. மூன்றாவது விசிஓ கட்டும்போது டிஎல்074 போட்டுக்கொள்ளலாமா?

பதில்
தாராளமாக. நான்காவது ஆப்-ஆம்ப் மிஞ்சும், அதன் பிளஸ்ஸைத் தரையில் கட்டி, மைனஸை வெளியீட்டோடு இணைத்துவிடுங்கள்.