ரத்தப் பரிசோதனையில் ஹெர்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ்: நோய் உறுதிதானா?

கேள்வி (திருமங்கலம் வாசகர்):
வயது 29. சென்ற மாதம் பிறப்புறுப்பில் சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி, எரிச்சலுடன் உடைந்து, தாமாகவே ஆறிவிட்டன. மருத்துவரைப் பார்க்கக் கூச்சப்பட்டு, மதுரையில் ஓர் ஆய்வகத்தில் நேரடியாக ரத்தம் கொடுத்தேன். ஐஜிஎம் பாசிட்டிவ், டைப் 1 ஐஜிஜி பாசிட்டிவ், டைப் 2 ஐஜிஜி நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில் 1 (தோல், பால்வினை நோய் மருத்துவர்):
இந்த அறிக்கையை மட்டும் வைத்து ஹெர்பிஸ் (கொப்புளங்களை உண்டாக்கும் வைரஸ் தொற்று) உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, தம்பி. ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்) முடிவை விட்டுவிடுங்கள். அது வைரஸின் டைப் 1, டைப் 2 என்ற இரு வகைகளையும் பிரித்துக் காட்டாது, பழைய தொற்று மீண்டும் கிளம்பும்போதும் பாசிட்டிவ் ஆகும் என்பதால் நான் அதை எழுதுவதே இல்லை. டைப் 1 ஐஜிஜி (நீண்ட காலம் நிலைக்கும் எதிர்ப்பொருள்) சிறுவயதில் உதட்டில் வந்த காய்ச்சல் கொப்புளத்தின் மிச்சமாக இருக்கலாம். அதே வைரஸ் பிறப்புறுப்பிலும் புண்ணை உண்டாக்கும் என்றாலும், அது உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ரத்தம் சொல்லாது. டைப் 2 எதிர்ப்பொருள் தெரிய 12 வாரம் வரை ஆகலாம் என்பதால் உங்கள் நெகட்டிவும் இப்போதைக்கு முடிவானதல்ல.

உறுதிசெய்வதற்குப் புண்தான் வேண்டும். புதிய கொப்புளத்தை உடைத்து, அதன் அடிப்பகுதியை ஸ்வாப்பால் (பஞ்சுக் குச்சி) அழுத்தித் தேய்த்து, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவோம். பொருக்குத் தட்டிவிட்டால் வைரஸ் சிக்காமல் போகலாம். அப்போது வரும் நெகட்டிவை நம்பி நோயே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. மறுபடி வந்தால் களிம்பு எதுவும் தடவாமல் முதல் ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். இப்போதே விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை), எச்ஐவி இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

பதில் 2 (ஆய்வக நுட்பநர், உசிலம்பட்டி):
மருத்துவர் சொன்னதோடு ஒன்று. எங்கள் பக்கம் கொப்புளம் கொத்தாக வந்தாலே அக்கி என்று காவியால் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதன் மேல் மாதிரி எடுப்பது பெரும்பாடு. சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சாங்க் சோதனை மலிவானது, ஆனால் பல உட்கரு கொண்ட பெரிய செல்கள் அக்கியிலும் ஹெர்பிஸிலும் ஒன்றுபோலவே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. கூச்சமில்லாமல் எங்கே காட்டலாம்?

பதில் 1 (மருத்துவர்):
மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் உண்டு, விவரம் வெளியே போகாது. போகும்போது, புண் வருவதற்கு முன் வலி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ சாப்பிட்டீர்களா என்று யோசித்து வையுங்கள். மருந்து ஒவ்வாமையும் பிறப்புறுப்பில் கொப்புளமாக வரும். அதில் பெரும்பாலும் கருந்தழும்பு நிற்கும், அதே மருந்தைத் திரும்பச் சாப்பிட்டால் அதே இடத்திலேயே மீண்டும் வரும்.