சட்டசபை முடிஞ்சுது, காதுகுத்து எப்போ?

குரூப்: கருப்பசாமி துணை
30 ஏப்ரல் 2025, புதன்

சித்தி: அண்ணே நேத்தோட சட்டசபை முடிஞ்சுதாமே டிவில சொன்னாங்க. இப்பவாச்சும் பாப்பா காதுகுத்துக்கு ஒரு நாள் சொல்லுங்க. பங்குனில வைக்கலாம்னேன், பட்ஜெட்னீங்க. சித்திரை பொறந்ததும்னேன், மானியக் கோரிக்கைனீங்க

அம்மா: ஆமா தம்பி ஆசாரியும் கேட்டுக்கிட்டே இருக்காரு

பெரிய மாமா: நானும் தாய்மாமன்தான். என் மடில உக்கார வச்சா காதுல ஓட்டை விழாதா

சித்தி: அய்யோ பெரியண்ணே அப்படி இல்ல

பெரிய மாமா: சும்மா கேட்டேன்

எம்எல்ஏ மாமா: தங்கச்சி கோவிச்சுக்காத. மார்ச் 14 பட்ஜெட், மறுநாள் வேளாண் பட்ஜெட், அப்புறம் பொது விவாதம், 24-ல இருந்து துறை துறையா மானியக் கோரிக்கை, அதாவது எந்தத் துறைக்கு எவ்வளவு பணம்னு விவாதம், நேத்து போலீஸ் மானியத்தோட முடிஞ்சுது. நடுவுல லீவு விட்ட நாள்ல எல்லாம் தொகுதில மனு வாங்கவே சரியாப் போச்சு. நம்ம துறை வர்ற அன்னைக்கு ஆள் இல்லன்னா அடுத்த வருஷம் வரைக்கும் வாயைத் திறக்க முடியாது. பேசக் குடுக்கிறதே கொஞ்ச நிமிஷம், அதுல ரோடு, பாலம், ஆஸ்பத்திரி, தடுப்பணை எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும். பதிவுல ஏறுனாத்தான் நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல போய் நின்னு கேக்க முடியும்

தம்பி: மாமா நம்ம ஓடைப் பாலம்?

எம்எல்ஏ மாமா: கேட்டேன்டா. நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்னு பதில்

பெரிய மாமா: நான் ஊராட்சி பிரசிடெண்டா இருந்தப்பவும் இதே பதில்தான்

சித்தப்பா: பவுன் இன்னைக்கு 71,840

அம்மா: அட்சய திருதியைக்கு கூட்டம் அள்ளும். தோடு நாளைக்கு எடுத்துக்கலாம் மே தின லீவுதான

சித்தி: தாய்மாமன் சீர்ல தோடு வரும்னு நான் பேசாம இருக்கேன்

சித்தப்பா: எந்த தாய்மாமன்

பெரிய மாமா: வெள்ளிக்கிழமை வைங்க. ஞாயித்துக்கிழமை கத்திரி ஆரம்பிக்குது, அதுக்கப்புறம் பூசாரி ஒத்துக்க மாட்டாரு

எம்எல்ஏ மாமா: வெள்ளி காலைல வர முடியும்னு நினைக்கிறேன் அண்ணே. நாளைக்கு மே 1 கிராம சபை, ரெண்டு ஊர்ல தலையக் காட்டணும். ஒரு விஷயம் குரூப்ல சொல்லணும்னு இருந்தேன், எல்லாரும் படிங்க. ஏப்ரல் 16 முதலமைச்சரே ரெண்டு மசோதா கொண்டு வந்தாரு. ஒண்ணு பேரூராட்சி நகராட்சி மாநகராட்சிக்கு, இன்னொண்ணு ஊராட்சிக்கு. இனிமே ஒவ்வொரு கிராம ஊராட்சிலயும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினரா இருப்பாங்க, எலெக்‌ஷன்ல நிக்க வேண்டியதில்ல. தமிழ்நாட்டுல 12 ஆயிரத்து 500-க்கு மேல கிராம ஊராட்சி, அது போக 388 ஒன்றியம். கணக்குப் போட்டுப் பாருங்க. நான் மேசையத் தட்டுனது மனசாரத் தட்டுனது. இந்தக் கூட்டத்தொடர்ல எனக்கு இதுதான் பெருசு

அம்மா: நல்லதுப்பா

தம்பி: சூப்பர் மாமா. மதினி பாத்தியா??

மதினி: பாத்தேன்

அம்மா: எங்க மகளிர் குழுப் பொம்பளைங்களுக்கு என்ன பண்ணீங்க தம்பி. விடிஞ்சும் விடியாம கடன்காரன் வாசல்ல பைக்க நிறுத்திட்டு உக்காந்துக்கிறான், கோலம் போட வெளிய வர முடியல

எம்எல்ஏ மாமா: அதுக்கும் சட்டம் வந்துருக்குக்கா. கடன் குடுத்துட்டு மிரட்டி வசூல் பண்றதத் தடுக்க மசோதா 26-ந் தேதி வந்துச்சு, நேத்து நிறைவேறிடுச்சு. வீட்டுக்கு வந்து அவமானப்படுத்துறது, ஆள விட்டு மிரட்டுறது எல்லாம் குற்றம். ஆனா ஒண்ணு சொல்றேன், எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம். மசோதா எல்லாம் கடைசி நாள்ல குவியுது. கட்டு கட்டா மேசைக்கு வருது, பிரிவு பிரிவாப் படிச்சு இந்த வார்த்தை இப்படி இருந்தா அந்த வசூல்காரன் தப்பிச்சுருவானேன்னு யோசிக்கறதுக்குள்ள குரல் வாக்கெடுப்பு வந்துருது. உறுப்பினர்கள் சிலர் உக்காந்து அலசுற தேர்வுக் குழுவுக்கு அனுப்பி ஒரு மாசம் பேசுனா என்ன குறைஞ்சு போகும். பட்ஜெட்டுக்கு இத்தனை நாள் ஒதுக்குறோம், சட்டத்துக்கு ஒதுக்க மாட்டேங்கிறோம். என் கட்சிக்காரங்ககிட்டயே சொல்லிட்டேன்

பெரிய மாமா: சொல்லி?

எம்எல்ஏ மாமா: கேட்டுக்கிட்டாங்க

அம்மா: சரி எப்ப இருந்து சட்டம். நாளைக்கு அவன் வந்தா சொல்லலாமா

எம்எல்ஏ மாமா: கவர்னர் கையெழுத்துப் போட்டு அரசிதழ்ல வரணும்க்கா

அம்மா: அதுக்கு எத்தனை மாசமோ

எம்எல்ஏ மாமா: முன்ன மாதிரி இழுக்க முடியாதுன்னு நினைக்கிறேன். ஏப்ரல் 8 சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிருச்சுல்ல. கவர்னர் திருப்பி அனுப்பி, சபை ரெண்டாந்தடவ நிறைவேத்தி அனுப்புன 10 மசோதாவும் 2023 நவம்பர் 18-லேயே ஒப்புதல் ஆனதாக் கணக்குன்னு சொன்னாங்க. திருப்பி அனுப்புன மசோதாவ சபை மறுபடி நிறைவேத்துனா ஒரு மாசத்துல முடிவெடுக்கணும்னு கெடுவும் வச்சுருக்காங்க. சேதி சபைக்கு வந்த அன்னைக்கு அங்க இருந்தேன். 2023-ல அதே மசோதாவுக்கு மறுபடி கை தூக்குனவன் நான், அந்த சந்தோஷம் சொல்லித் தீராது

அம்மாச்சி: (வாய்ஸ் மெசேஜ் 0:48)

தம்பி: அம்மாச்சி கெடா ஒண்ணா ரெண்டான்னு கேக்குது. அப்புறம் சின்ன மாமா இளைச்சுட்டாராம் டிவில

சித்தி: ரெண்டு

சித்தப்பா: ஒண்ணு போதும்

மதினி: எம்எல்ஏ சித்தப்பா ஒரு டவுட். நம்ம ஊராட்சிலதான் ஜனவரி 5-ஓட எல்லார் பதவியும் முடிஞ்சு போச்சே. அரசு போட்ட தனி அலுவலர்தான கையெழுத்துப் போடுறாரு. மன்றமே இல்லாத ஊர்ல எந்த மன்றத்துல உறுப்பினர்

எம்எல்ஏ மாமா: சரியான கேள்வி. 28 மாவட்டத்துல இதே நிலமைதான். உள்ளாட்சித் தேர்தல் நடந்து மன்றம் அமைஞ்சாத்தான் இது உயிர் பெறும். சட்டசபைல நாங்க எவ்வளவு போட்டாலும் ஊர்ல வாங்கி நடத்த ஒரு மன்றம் வேணும், இத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்

அம்மா: அப்ப தேர்தல் வந்ததும் நம்ம புள்ள பேரக் குடுத்துருங்க தம்பி. டிகிரி படிச்சுருக்கா, ஊர்ல பாதிப் பேருக்கு மனு எழுதிக் குடுக்குறதே அவதான்

பெரிய மாமா: வேண்டாம்

அம்மா: ஏண்ணே

பெரிய மாமா: தம்பி தயவுல பதவின்னு ஊர் பேசும். நான் எலெக்‌ஷன்ல நின்னப்ப ஒரு நாள் கூட வராதவன் இப்ப என் மகளுக்கு சீட்டு வாங்கித் தர வேண்டாம்

சித்தி: பெரியண்ணே குரூப்ல வேணாமே

எம்எல்ஏ மாமா: அண்ணே அத நேர்ல பேசுவோம். இதுலயும் நான் பேரு சொல்றது முறையில்ல. நம்ம தொகுதில தவழ்ந்து வந்து மனு குடுக்கிறவங்க இருக்காங்க, அவங்களத் தாண்டி என் வீட்டுப் பொண்ணுன்னா நான் அந்த சபைல பேசுன பேச்சுக்கு அர்த்தம் இல்ல. ஆனா அவ விண்ணப்பம் போடக் கூடாதுன்னும் நான் சொல்ல மாட்டேன்

மதினி: நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா. விண்ணப்பம் நானே போடுவேன். யாரும் பேரு சொல்ல வேண்டாம், யாரும் தடுக்கவும் வேண்டாம்

தம்பி: அப்படிப் போடு

பெரிய மாமா: பாப்போம்

சித்தி: பூசாரிகிட்ட வெள்ளின்னு சொல்லட்டுமா

சித்தப்பா: எனக்கு வெள்ளி லீவு கிடைக்குமான்னு தெரியல

அம்மா: சொல்லி வை. மாத்துனா மாத்திக்கலாம்

மதினி: எம்எல்ஏ சித்தப்பா நாளைக்கு கிராம சபைக்கு நான் வர்றேன். ஊராட்சி ஆபீஸ்ல மூணு படி ஏறித்தான் உள்ள போகணும், சாய்தளம் கிடையாது. உறுப்பினர் சீட்டு குடுத்தாலும் வாசல்லதான் உக்காரணும். நான் பேசப் போறது அதத்தான்

எம்எல்ஏ மாமா: பேசு. தனி அலுவலர்கிட்ட எழுத்துலயும் குடு, ஒரு காப்பி எனக்கு அனுப்பு, தொகுதி மேம்பாட்டு நிதில செய்ய முடியுமான்னு பாக்குறேன்

மதினி: நிதி அப்புறம். முதல்ல கிராம சபைத் தீர்மானமா நோட்டுல ஏத்தச் சொல்லுங்க. பேசிட்டு விட்டா அடுத்த சபைல ஞாபகம் இல்லம்பாங்க