ஸ்ப்ளெண்டரை விட்டு 350 சிசி பைக்குக்கு மாறலாமா?

வணக்கம் நண்பர்களே, ஒரு வாரமாக மண்டையைக் குடையும் விஷயம். ஒன்பது வருடமாக ஸ்ப்ளெண்டர்தான் ஓட்டுகிறேன். நாமக்கல்லுக்குள் கடைக்கும் வீட்டுக்கும் அதுவே தாராளம், லிட்டருக்கு அறுபது கொடுக்கிற வண்டியைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

சிக்கல் என்னவென்றால் மனைவியின் ஊர் கொல்லிமலை. மாதம் இரண்டு தடவையாவது அந்த 70 கொண்டை ஊசி வளைவும் ஏறியாக வேண்டும். போன ஞாயிறு இருவரும், கூடவே ஒரு பலாப்பழப் பையுமாக (அது தனிக்கதை) போகும்போது, ஒரு வளைவில் முதல் கியருக்கு இறக்குவதற்குள் வண்டி முக்கி நின்றேவிட்டது, பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னிலிருந்து கையையே எடுக்கவில்லை, அவள் இறங்கி நடந்தாள்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மேல் ஆசை. 27 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை), மலைக்கு ஏற்றது. 349 சிசி என்பதால் ஜிஎஸ்டியும் 18 சதவீதம்தான், 350ஐத் தாண்டினால் 40. ஆனால் எடை 195 கிலோ! என் வண்டி 112. நான் ஐந்தடி நான்கு அங்குலம், இறக்கத்தில் நிறுத்தித் திருப்ப முடியுமா என்று பயம். மச்சான் 160 சிசி அப்பாச்சியே போதும் என்கிறார்.

சரி, நூறு சிசியிலிருந்து நேராக 350க்குத் தாவியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முக்கியமாக குள்ளமானவர்கள் சொல்லுங்கள். அப்புறம், பழைய வண்டியை விற்கவா, வைத்துக்கொள்ளவா?