கண்ட்ரோல்+சி அடித்த பிறகு என்எஃப்எஸ் கோப்புறை தொங்குகிறது, யூமவுண்ட்டும் ஆகவில்லை

கேட்டவர்:
லினக்ஸில் என்எஃப்எஸ் (சர்வரில் உள்ள கோப்புறையை நெட்வொர்க் வழியே இணைத்துப் பயன்படுத்தும் முறை) மவுண்ட் ஒன்றுக்குள் பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு கண்ட்ரோல்+சி அடித்தேன். அதிலிருந்து எல்எஸ் (கோப்புப் பட்டியல்), டிஎஃப் (வட்டு இடம்) கட்டளைகள் எதற்கும் பதில் இல்லை. யூமவுண்ட் செய்தால் (இணைப்பை நீக்கப் பார்த்தால்) ‘டார்கெட் இஸ் பிஸி’ என்கிறது. சர்வருக்கு பிங் மட்டும் போகிறது. நடுவில் நிறுத்தியதுதான் தப்பா? ரீபூட் செய்துவிடலாமா? மூன்று நாள் வேலை அதில் இருக்கிறது.

பதில் 1:
ரீபூட் வேண்டாம், அதுவும் இந்த மவுண்ட்டிலேயே மாட்டி நிற்கலாம். நீங்கள் நிறுத்தியதால் எதுவும் கெடவில்லை. சர்வர் பதில் தராததால்தான் நகலே நின்றிருக்கிறது. இயல்பாக என்எஃப்எஸ் ‘ஹார்ட்’ முறையில் மவுண்ட் ஆகும். பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பிஎஸ் கட்டளை தரும் ப்ராசஸ் (இயங்கும் நிரல்) பட்டியலில் ‘டி’ நிலையில், அதாவது பதிலுக்குக் காத்து, ஏதாவது நிற்கிறதா பாருங்கள். இந்தக் காத்திருப்பை நடுவில் நிறுத்த, பழைய குறிப்புகளில் ‘இன்டர்’ ஆப்ஷன் போடச் சொல்வார்கள். கெர்னல் 2.6.25-க்குப் பிறகு அதற்கு வேலை இல்லை.

பிங் போவதை நம்பாதீர்கள், சர்வர் கணினியை எட்ட முடிகிறது என்பதை மட்டுமே அது காட்டும். என்எஃப்எஸ் 4-க்கு 2049 போர்ட் திறந்திருக்க வேண்டும். நெட்கேட் வைத்து அதைத் தட்டிப் பாருங்கள்.

பதில் 2:
யூமவுண்ட் -எல் போட்டால் உடனே சரியானது போலத் தெரியும். அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். கோப்புறை கண்ணிலிருந்து மறையுமே தவிர, பிடித்துக்கொண்டிருக்கும் ப்ராசஸ் உள்ளே அப்படியே இருக்கும். மறுபடி மவுண்ட் செய்தாலும் பழைய சிக்கலிலேயே போய் ஒட்டிக்கொள்ளலாம். வேறு டெர்மினல் ஏதாவது அந்தக் கோப்புறைக்குள் சிடி செய்து நிற்கிறதா? ‘பிஸி’ என்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

கேட்டவர்:
2049 மூடியிருக்கிறது! நேற்று சர்வரில் அப்டேட் செய்தபோது ஃபயர்வால் இயங்க ஆரம்பித்திருக்கிறது. போர்ட்டைத் திறந்ததும் கொஞ்ச நேரத்தில் எல்எஸ் தானாகவே பதில் தந்தது. இன்னொரு டெர்மினலும் உள்ளேதான் நின்றது. அதை மூடியதும் யூமவுண்ட் ஆகி, திரும்ப மவுண்ட்டும் ஆகிவிட்டது. இனி ‘சாஃப்ட்’ என்று மாற்றிவிடட்டுமா?

பதில் 1:
எழுதும் கோப்புறைக்கு வேண்டாம். சர்வர் தாமதித்தால் ‘சாஃப்ட்’ முயற்சியைக் கைவிட்டுப் பிழை தரும்; அதைக் கவனிக்காத நிரல் கோப்பைப் பாதியில் விட்டுவிடும். அப்புறம், நின்றுபோன அந்த நகலை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஆர்சிங்க் (நகலெடுக்கும் கருவி) மூலம் மறுபடி அனுப்பி, இரண்டு பக்கமும் ஷா256சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீடு) ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மூலக் கோப்பை அழியுங்கள்.

கேட்டவர்:
இரண்டும் ஒத்துப்போகின்றன. ரொம்ப நன்றி.