லூக்கா சோதனையின் மறுபக்க நிரூபணத்தில் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 39 இலக்க எண் பகா எண் என்பதை பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வார்ட் லூக்கா 1876-இல் கணினியின் துணையின்றி நிறுவினார். இத்தகைய எண்கள் பகா எண்களா என்று அறிய அவர் பெயரால் வழங்கும் சோதனையின் அடிப்படையைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன்.

இன்று வழங்கும் வடிவில், 4-இல் தொடங்கி, ஒவ்வொரு உறுப்பையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு தொடர வேண்டும். 127 (2-இன் 7-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது) என்ற சிறிய எண்ணுக்குக் கையாலேயே செய்து பார்த்தேன்: 4, 14, 67, 42, 111, 0. ஆறாவது உறுப்பு சரியாகப் பூச்சியமாவதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பூச்சியம் வந்தால் எண் பகா எண்ணே என்ற பகுதி எனக்கு விளங்குகிறது; பகு எண் எனக் கொண்டால், அதன் மிகச்சிறிய பகாக் காரணியை வைத்து அமைக்கும் குலத்தில் (பெருக்கலுக்கு அடைவு பெற்ற உறுப்புகளின் தொகுதியில்) 2+√3 என்ற உறுப்பின் வரிசை, அதாவது 1 கிடைக்க அதை உயர்த்த வேண்டிய மிகச்சிறிய அடுக்கு, அக்குலத்தின் அளவையே மிஞ்சிவிடுகிறது.

தடுமாறுவது மறுபக்கத்தில்தான். எண் பகா எண்ணாக இருந்தால் பூச்சியம் கட்டாயம் வரும் என்று காட்ட, அந்த எண்ணை மட்டாக, அதாவது வகுக்கும் எண்ணாக, கொள்ளும்போது 3 ஒரு வர்க்க மீதி (ஏதேனும் ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை வகுத்தால் கிடைக்கும் மீதி) அன்று என்பதும், 2 ஒரு வர்க்க மீதி என்பதும் தேவைப்படுகின்றன. முதலாவதை, இரு பகா எண்கள் ஒன்றுக்கொன்று வர்க்க மீதிகளா என்பதைத் தொடர்புபடுத்தும் வர்க்கத் தலைகீழ் விதியிலிருந்து பெற்றுவிட்டேன். ஆனால், 1+√3-இன் வர்க்கம் 2(2+√3) என்று எழுதிய பிறகு இரண்டாவது நிபந்தனை எந்த வரியில் பயன்படுகிறது என்பது பிடிபடவில்லை. அந்த ஒரு படியை, இயன்றால் 127-ஐயே எடுத்துக்காட்டாகக் கொண்டு, யாரேனும் விளக்க முடியுமா?