மறு: ஃபில் லைட் – நிரப்பொளி சரிதானா?

அன்பு நண்பர்களுக்கு,

புகைப்பட ஒளியமைப்புச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்பட்டியலும் விளக்கமும் எழுதுகிறோம் அல்லவா, அதுபற்றிக் குழுவில் கேட்டவற்றுக்கு என் பதில்.

> கீ லைட் – முதன்மை ஒளி. ஃபில் லைட் – நிரப்பொளி. ரிம் லைட் – விளிம்பொளி. மூன்றையும் இப்படியே முடிவு செய்துவிடலாமா?

விளிம்பொளியில் மறுபேச்சு இல்லை. பின்னாலிருந்து வந்து முடியிலும் தோளிலும் கோடு போடுகிற ஒளி. சொன்ன மாத்திரத்தில் புரிகிறது. முதன்மை ஒளிக்கும் என் ஆதரவு உண்டு. ஆனால் விளக்கத்தில் "மிகப் பிரகாசமானது" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். விளிம்பொளியை அதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) கூட்டி வைப்பது ஸ்டுடியோவில் சகஜம். மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழ வேண்டும் என்பதை எந்த ஒளி தீர்மானிக்கிறதோ அதுவே முதன்மை.

நிரப்பொளிதான் உறுத்துகிறது. முதன்மை ஒளியை முகத்துக்கு ஏறக்குறைய 45 பாகை பக்கவாட்டில், கண்மட்டத்துக்கு மேலே ஏற்றி வைக்கிறோம். மறுபக்கக் கன்னம் இருண்டு போகிறது. அந்த இருட்டில் எவ்வளவு மிஞ்சலாம் என்று பார்ப்பதுதான் இரண்டாவது ஒளியின் வேலை. அது எதையும் நிரப்பவில்லை, நிழலைத் தணிக்கிறது. அதனால் "தணிப்பொளி" என்கிறேன்.

காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இருண்ட கன்னத்தின் பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள்: நிழல் இளகும். பலகையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பிவந்த கொஞ்சநஞ்ச ஒளியையும் துணி விழுங்கிவிட, தாடையோரம் இன்னும் கறுத்துக் கூர்மையாகும். இதற்கு நெகட்டிவ் ஃபில் என்று பெயர். நிரப்பொளியை ஏற்றுக்கொண்டால் இதை "எதிர்நிரப்பொளி" என்றாக வேண்டும். ஒளியைக் குடிக்கிற துணிக்கு ஒளி என்றே பெயர்! நிழல் தணிப்பு, நிழல் கூட்டல் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேலையின் இரு திசைகள் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

> 'ஒளி'க்குப் பதில் 'விளக்கு' என்று முடித்தால் கைக்கு அகப்படுகிற பொருளாக இருக்குமே?

மேலே சொன்ன பலகையே இதற்குப் பதில், ஐயா. தணிப்பு வேலையைச் செய்கிறது, ஆனால் விளக்கு அல்ல. ஒளி என்றே இருக்கட்டும்.

முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் லைட்டிங் ரேஷியோவுக்கு வெறுமனே "ஒளி விகிதம்" என்று எழுதினால் குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தவர்கள் ஆவோம். முதன்மை ஒளி முகத்துக்கு 2 பங்கு, தணிப்பொளி 1 பங்கு தருகிறது என்று கொள்வோம். கேமராவை ஒட்டி வைத்த தணிப்பொளி முகத்தின் இரு பக்கமும் படும். ஆக வெளிச்சக் கன்னத்தில் 3, நிழல் கன்னத்தில் 1. சிலர் இதை 2:1 என்பார்கள், சிலர் 3:1 என்பார்கள். இருவரும் சொல்வது ஒரே படத்தைத்தான். முன்னதற்கு "விளக்கு விகிதம்", பின்னதற்கு "முக விகிதம்" என்று பிரித்துவிட்டால் ஒளிமானியும் கையுமாக நிற்பவருக்குச் சண்டை இருக்காது. (பலகையை வைத்துத் தணிக்கும்போது முன்னதை அளப்பது எளிதல்ல, அப்போது முக விகிதத்தைப் பேசுவதே வசதி.)

சாஃப்ட் லைட், ஹார்டு லைட்டுக்கு மென்னொளி, வன்னொளி. வல்லினம் மெல்லினம் படித்த நமக்கு இது ஒட்டாமல் போகாது. ஒரே ஒரு பயம்: மென்னொளியை மங்கலான ஒளி என்று படித்துவிடுவார்கள். 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை (விளக்கின் முன் வெள்ளைத் துணி மூடிய பெட்டி) முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால் மூக்கு நிழலின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கன்னத்தில் கரையும். அதையே மூன்று மீட்டருக்குத் தள்ளினால் ஒளி ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் நிழலின் ஓரம் முன்பைவிட இறுகும். அதாவது மங்கிய பிறகு அது வன்னொளியை நோக்கிப் போகிறது. முகத்தின் பார்வையில் ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. விளக்கக் குறிப்பில் இந்த வரி கட்டாயம் வேண்டும்.

கேட்ச்லைட்டுக்குக் "கண்பொட்டு", "விழிச்சுடர்" இரண்டும் வந்திருக்கின்றன. சுடர் என்றால் கண்ணே ஒளிர்வதுபோல் ஆகிறது; இது கருவிழியில் தெரியும் விளக்கின் பிம்பம், சாஃப்ட்பாக்ஸ் சதுரமானால் இதுவும் சதுரம். அழகு குறைந்தாலும் என் ஓட்டு கண்பொட்டுக்கே. நிழல் கன்னத்தில் ஒரு சிறு முக்கோண வெளிச்சம் விழும்படி வைக்கிற ரெம்பிராண்ட் லைட்டிங்கை ரெம்பிராண்ட் ஒளியமைப்பு என்று அப்படியே விடலாம்; ஓவியர் பெயரை என்ன செய்ய முடியும்?

எனக்குப் பிடிபடாதது ஃபெதரிங். சாஃப்ட்பாக்ஸின் நடுப்பகுதியை முகத்துக்கு நேரே காட்டாமல், சற்றே திருப்பி, அதன் ஓரத்து ஒளி மட்டும் படும்படி வைப்பது. "இறகாக்கம்" என்று யாராவது முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். "ஓரம் காட்டுதல்" என்று வினையாகச் சொல்லிப் பார்த்தேன், "விளக்கை இன்னும் கொஞ்சம் ஓரம் காட்டு" என்று உதவியாளரிடம் சொல்ல வசதியாகத்தான் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக என்ன வைக்கலாம்?